உவர்நிலமும் அருமண் தனிமங்களும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உணவிற்குச் சுவை தருவது உப்பு. உடலுக்கு வேண்டுவதும் உப்பு. ஆயின், அவ்வுப்பே விளைநிலத்தில் மிகுந்துவிடுமாயின், பண்டம் விளையவேண்டிய வயலே பாழாகிவிடும். விதைத்த விதை முளையாது. முளைத்த பயிர் தழையாது. தழைத்த பயிரும் மணி பிடியாது. இத்தகைய நிலத்தைக் களர் என்றும் உவர் என்றும் தமிழர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். கல்லாதவரைப் பயன் விளையாத களர்நிலத்திற்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். உலகின் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு உப்பால் தாக்குண்டது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது. இந்திய நாட்டில் மட்டும் ஏறத்தாழ 67 இலட்சம் ஹெக்டேர் நிலம் இக்கேட்டிற்கு உள்ளாகியிருக்கிறது.

உவர்நிலத்து மண்ணை ஆராய்ந்தால், அதில் உப்பு மட்டுமன்றி வேறு பல பொருள்களும் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதைக் காணலாம். அவற்றுள் ஓர் இனமே அருமண் தனிமங்கள். கைப்பேசி, மின்சாரக் கார், காற்றாலை ஆகியவற்றைச் செய்வதற்கு இன்றியமையாதவை என்று இவை நாள்தோறும் செய்தித்தாள்களில் பேசப்படுகின்றன. தொழிற்சாலைக்குப் பயன்படும் இத்தனிமங்கள் வயலில் என்ன செய்கின்றன? இவற்றால் பயிருக்கு விளைவது நன்மையா, தீமையா? உப்புக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டுமாயின், முதற்கண் இவற்றின் பிறப்பும் இயல்பும் அறிதல் வேண்டும்.

சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்கு அண்மையில் இட்டர்பி என்னும் சிற்றூர் உள்ளது. 1787-ஆம் ஆண்டில், கார்ல் ஆக்சல் அர்ரேனியஸ் என்னும் படைத்துறை அலுவலர் அவ்வூர்க் கற்சுரங்கத்தில் கனத்த கருநிறக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பின்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் யோகான் கடோலின் 1794-இல் அக்கல்லை ஆராய்ந்து, அதுகாறும் எவரும் அறியாத புதியதொரு 'மண்' அதில் அடங்கியிருப்பதாக அறிவித்தார். எளிதில் உருகாமலும் நீரில் கரையாமலும் இருக்கும் உலோக ஆக்சைடுகளை அக்காலத்து வேதியியலார் 'மண்' என்று அழைப்பது வழக்கம். அரிதாகக் கிடைத்த மண் ஆதலின், 'அருமண்' என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1803-இல் சீரியம் அறியப்பட்டது. 1839-இல் மோசாந்தர் என்பார், சீரியத்தோடு மறைந்திருந்த மற்றொரு தனிமத்தைப் பிரித்து, 'மறைந்திருப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு லாந்தனம் எனப் பெயரிட்டார். உடன்பிறந்தார்போல் ஒத்த இயல்புடைய இத்தனிமங்களை ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிவதற்கு அறிஞர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இவை மொத்தம் பதினேழு. இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்னும் நான்கும் அச்சிற்றூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

அருமண் என்னும் பெயர் இருப்பினும், இவை உண்மையில் அரியவை அல்ல. புவியின் மேலோட்டில் சீரியத்தின் அளவு செம்பின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்தது. இயற்கையில் நிலைத்து நில்லாத புரோமீத்தியம் ஒன்றை நீக்கிப் பார்த்தால், இவ்வினத்துள் மிகக் குறைந்த அளவினவாகிய தனிமங்களும் வெள்ளியைவிட மிகுதியாகவே உள்ளன. பாறை சிதைந்து மண்ணாகும்போது இவையும் மண்ணோடு கலக்கின்றன. பொதுவாக ஒரு டன் மண்ணில் எல்லா அருமண் தனிமங்களும் சேர்ந்து ஏறத்தாழ 150 கிராம் இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் வயலின் மேல்மண், 15 செ.மீ. ஆழத்திற்கு, ஏறக்குறைய 2000 டன் எடையுள்ளது. அங்ஙனமாயின் அவ்வயலின் மேல்மண்ணில் மட்டும் 300 கிலோ அருமண் தனிமங்கள் அடங்கியுள்ளன எனக் கணக்கிடலாம். ஐம்பது கிலோ எடையுள்ள உர மூட்டைகள் ஆறனுக்கு இது சமம். நெல்லோ, கோதுமையோ, சோளமோ விளையும் எந்த வயலுக்கும் இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

இத்துணைப் பொருள் காலடியில் கிடந்தும் பயிர் அதனால் வளர்ந்ததாகவோ வாடியதாகவோ உழவர் உணர்ந்ததில்லை. இதற்குக் காரணம் யாது? மண்ணில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. அஃது எந்நிலையில் இருக்கிறது என்பது வேறு. பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய பணமும் பணமே. கையிலிருக்கும் பணமும் பணமே. ஆயினும் கடைத்தெருவில் செல்லுபடியாவது கையிலிருப்பது ஒன்றுதான். மண்ணிலுள்ள அருமண் தனிமங்களின் பெரும்பகுதி கனிம மணிகளுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. ஒரு பகுதி இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, மட்கு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டுள்ளது. சிறு பகுதி களிமண் துகள்களின் மேற்பரப்பில் பற்றி நிற்கிறது. மிக மிகச் சிறு பகுதியே மண்ணீரில் கரைந்துள்ளது. வேர் உறிஞ்சத்தக்கது கடைசியிற் கூறிய இவ்விரு பகுதிகளே. இவற்றின் நிலையை மாற்றவல்ல பொருள்களுள் உப்பும் ஒன்று. ஆயின் எல்லா இடங்களிலும் உப்பு ஒரே வகையாகச் செயற்படுவதில்லை. மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும்.

முதலாவது இடம், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை. இக்கரையோரத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட தேங்காய் நார்ப் பொருள்களில் கனத்த மணல் ஒட்டிக்கொண்டு சென்றது. ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் 1909-ஆம் ஆண்டில் அம்மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். தோரியமும் அருமண் தனிமங்களும் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்து உண்டானது மோனசைட். திருமண ஊர்வலங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒளி வீசிய காஸ் விளக்குகளின் வலைத்திரி, தோரிய ஆக்சைடோடு நூற்றில் ஒரு பங்கு சீரிய ஆக்சைடைச் சேர்த்தே செய்யப்பட்டது. அத்திரிக்கு வேண்டிய மூலப்பொருளைத் தந்தது இம்மணலே. அலைகடலின் உப்புநீர் இம்மணலை இரவும் பகலும் கழுவிக்கொண்டேயிருக்கிறது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகக் கழுவியும் மோனசைட் கரையவில்லை. தொழிற்சாலையில் காட்டமான காரத்தையோ அமிலத்தையோ இட்டுச் சூடேற்றினாலன்றி அஃது உடைவதில்லை. ஆதலின், கனிமத்திற்குள் பூட்டப்பட்ட அருமண்ணை உப்பு திறக்கமாட்டாது என்பது இதனால் புலப்படும்.

இரண்டாவது இடம், தென் சீனத்திலுள்ள ஜியாங்சி மாநிலம். வெப்பமும் மழையும் மிகுந்த அந்நாட்டில் கருங்கற் பாறைகள் நெடுங்காலமாக மட்கிச் செந்நிறக் களிமண்ணாக மாறியுள்ளன. பாறை மட்கும்போது விடுபட்ட அருமண் தனிமங்களைக் களிமண் துகள்கள் பற்றிக்கொண்டன. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. அருமண் அயனிகளுக்கு நேர் மின்னூட்டம் உண்டு. ஆதலின், தறியில் கட்டிய மாடுபோல் அவ்வயனிகள் துகளின்மேல் கட்டுண்டு நிற்கின்றன. கட்டப்பட்டவை ஆயினும், அவை பூட்டப்பட்டவை அல்ல. வேறு மாடுகள் கூட்டமாக வந்து முட்டினால் தறியிலுள்ள மாடு அவிழ்ந்து வெளியேறுவதுபோல், வேறு அயனிகள் திரளாக வந்தால் இவை இடம்விட்டு நீங்கும். சோடியம் அயனிக்கு ஓர் அலகு மின்னூட்டமே உண்டு. லாந்தனம் அயனிக்கோ மூன்று அலகு உண்டு. வலிமையில் சோடியம் இளைத்ததே. ஆயினும் உப்புநீரில் அதன் தொகை அளவிறந்தது. தொகை பெருகும்போது வலியது எளியதற்கு இடம் விடுகிறது.

இத்தகைய களிமண் படிவுகள் ஜியாங்சியில் 1969-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்தோர் அம்மண்ணை வெட்டித் தொட்டிகளில் இட்டு அதன்மேல் சாதாரண உப்புக் கரைசலை ஊற்றினர். அமிலமும் தீயும் இன்றி, அருமண் தனிமங்கள் கரைசலோடு வடிந்து வந்தன. மணவாளக்குறிச்சியில் கடலாலும் இயலாத செயல், ஜியாங்சியில் ஒரு தொட்டி உப்புநீரால் இயன்றது. ஆயின் அதற்கு விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஊற்றிய உப்பு மண்ணிலேயே தங்கி, நிலத்தை உவராக்கியது. பின்னர் உப்புக்கு மாறாக அம்மோனியம் சல்பேட் பயன்படுத்தப்பட்டது. அதுவும் ஓடைகளிலும் நிலத்தடி நீரிலும் கலந்து கேடு விளைத்தது. மரம் இழந்த குன்றுகளிலிருந்து மண் சரிந்து வயல்களை மூடியது. புளிப்புத்தன்மை மிகுந்த அம்மண்ணில், விடுபட்ட அருமண் தனிமங்கள் கரைந்த நிலையிலேயே நெடுந்தொலைவு செல்லவல்லவை. அக்குன்றுகளில் தானே முளைக்கும் ஒருவகைப் பெரணிச் செடியின் இலைகளை உலர்த்தி ஆராய்ந்தபோது, ஒரு கிலோ இலையில் ஒரு கிராமுக்கு மேல் அருமண் தனிமங்கள் இருப்பது தெரியவந்தது. களிமண்மேல் பற்றி நின்ற பொருள் செடிக்குள் எவ்வளவு எளிதில் புகும் என்பதற்கு அப்பெரணியே சான்று.

மூன்றாவது இடமே உவர்நிலத்து உழவருக்கு நெருங்கியது. வட சீனத்தில் மஞ்சளாறு வடக்கு நோக்கி ஏறி, கிழக்கே திரும்பி, மீண்டும் தெற்கே இறங்குகிறது. அப்பெரு வளைவில் அமைந்தது ஹெதாவ் சமவெளி. மஞ்சளாறு நூறு தீமை செய்தாலும் ஹெதாவ் ஒன்றை மட்டும் வாழ்வித்தது என்று சீன மக்கள் கூறுவர். பன்னூறாண்டுகளாக அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்து வருகின்றனர். 1959-இல் தொடங்கி 1961-இல் முடிக்கப்பட்ட சான்ஷெங்கோங் அணை, ஆற்றுநீரை ஒழுங்காகத் திருப்பிவிட உதவியது. இன்று 5 இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் அங்கே பாசனம் பெறுகிறது. கோதுமை, சோளம், சூரியகாந்தி ஆகியவை முதன்மைப் பயிர்கள்.

இவ்வளமான சமவெளியின் தீராத நோய் உப்பு. ஆண்டு மழை 200 மி.மீ. அளவே, வெயிலும் காற்றுமோ அதனினும் பன்மடங்கு நீரை ஆவியாக்கவல்லவை. ஒரு லிட்டர் பாசன நீரில் அரைக் கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு ஹெக்டேருக்கு 5000 கன மீட்டர் நீர் பாய்ச்சினால் இரண்டரை டன் உப்பு வயலுக்குள் வந்துசேரும். நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. நாளடைவில் நிலத்தடி நீரும் மேலெழுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நுண்துளைகள் வழியே அந்நீர் மேலேறி, மேற்பரப்பில் உலர்ந்து, வெண்பொடியாக உப்பைப் படியவிடுகிறது. குளிர்காலத்தில் உறைந்த மண் இளவேனிலில் இளகும்போது இவ்வுப்பு மிகுதியாகப் பூக்கும். விதை விதைக்கும் பருவமும் அதுவே.

உப்பால் பயிர் வாடுவது எவ்வாறு? நறுக்கிய மாங்காயில் உப்பிட்டு வைத்தால், துண்டுகளினின்று நீர் வெளிப்பட்டு அவை சுருங்குவதை வீடுகளில் காணலாம். உவர்மண்ணில் வேரின் நிலையும் இத்தகையதே. நீர் அருகிலிருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. மேலும், சோடியம் அயனிகள் பயிரின் உட்புகுந்து, அதற்கு வேண்டிய பொட்டாசியத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றன. களர்மண்ணில் வேறொரு துன்பமும் உண்டு. சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைப்பதால் மண் நீரில் சேறாகக் கரைந்து, காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். நீரும் காற்றும் உட்புகா.

ஹெதாவுக்குக் கிழக்கே, அதே மஞ்சளாற்றின் கரையில் பாவ்தோ என்னும் நகரம் உள்ளது. அந்நகருக்கு வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் பாயன் ஓபோ என்னும் சுரங்கம் இருக்கிறது. 1927-இல் டிங் தாவ்ஹெங் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே இரும்புத் தாது இருப்பதைக் கண்டார். அதில் அருமண் கனிமங்களும் கலந்திருப்பதை 1935-இல் ஹோ சோலின் என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார். உலகில் அறியப்பட்ட அருமண் சுரங்கங்களுள் மிகப் பெரியது அதுவே. அங்கு வெட்டும் தாது பாவ்தோவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பிரிக்கப்படுகிறது. பிரித்தபின் எஞ்சும் கழிவுச்சேறு, மஞ்சளாற்றுக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், ஏரிபோற் பரந்த குளமொன்றில் பல்லாண்டுகளாகத் தேக்கிவைக்கப்பட்டது. அக்குளத்தின் அடிப்புறத்தில் நீர் கசியாதபடி தடுப்பு அமைக்கப்படவில்லை. காய்ந்த சேறு காற்றில் தூசியாகப் பறந்தது; உப்புகள் நிறைந்த நீர் நிலத்தடியில் கசிந்தது. சுற்றுப்புற மண்ணில் அருமண் தனிமங்கள் இயற்கை அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலர் அளந்து கண்டுள்ளனர். அண்மையில் இருந்த சிற்றூர் மக்கள் பலர், வயல்கள் விளைச்சல் குன்றியமையால், குடிபெயர்ந்து சென்றனர்.

உப்பும் அருமண்ணும் ஒருங்கே மிகுந்த இந்நிலத்தில் நிகழ்வது யாது? ஜியாங்சியில்போல் உப்பு அவற்றை அவிழ்த்துவிட்டு, பயிருக்குள் வெள்ளம்போற் புகச்செய்யும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. வட சீனத்து மண் புளிப்பானதன்று. சுண்ணாம்பு கலந்த காரத்தன்மை உடையது. களிமண்ணினின்று சோடியத்தால் விடுவிக்கப்பட்ட அருமண் அயனி, சிறிது தொலைவு செல்வதற்குள் கார்பனேட்டோடோ பாஸ்பேட்டோடோ கூடி மீண்டும் திண்மமாகப் படிந்துவிடுகிறது. கழிவுத் தூசியிலுள்ள அருமண்ணின் பெரும்பகுதியும் மோனசைட், பாஸ்ட்னசைட் ஆகிய கனிமங்களுக்குள் பூட்டப்பட்டதே. ஆதலின் மண்ணில் மிகுதியாக இருப்பினும், வேரின் வழியாகப் பயிருக்குள் புகுவது அதில் சிறு பங்கே. அங்குள்ள உழவருக்கு வேரின் வழியே வரும் அருமண்ணைவிட, கசிந்து வரும் உப்பும், இலைமேல் படிந்து மூச்சிலும் கலக்கும் தூசியும், தாதுவோடு கூடவரும் புளோரினும் தோரியமும் அஞ்சத்தக்கவை.

எனினும் காரமண் முற்றிலும் காவலானது என்று கூறிவிடுதல் பொருந்தாது. சோடாவுப்பு மிகுந்து காரத்தன்மை அளவு கடக்குமாயின், கார்பனேட்டு அயனிகளே அருமண் தனிமங்களைச் சூழ்ந்து அவற்றைக் கரைந்த நிலையில் தாங்கி நிற்கின்றன. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள மோனோ ஏரி இதற்குத் தக்க சான்று. மிகுந்த காரத்தன்மை உடைய அவ்வேரி நீரில், இவ்வினத்துள் எடைமிகுந்த தனிமங்கள், கடல்நீரில் உள்ளதைவிட மிகுதியாகக் கரைந்திருக்கின்றன. களர்நிலத்தில் மட்குப் பொருளும் காரத்தில் கரைந்து கருநிற நீராக ஓடுவதுண்டு. மட்கோடு ஒட்டிய அருமண் தனிமங்களும் அதனோடு இடம்பெயரக் கூடும். இங்ஙனம், ஒரே உவர்நிலத்திலும் உப்பின் வகை மாறினால் விளைவும் மாறும்.

இனி, அருமண் தனிமங்களைப் பயிருக்கு உரமாக இடும் வழக்கத்தை நோக்கலாம். சீன நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் இதற்கான ஆய்வுகள் தொடங்கின. 1980-களில் லாந்தனம், சீரியம் முதலியவற்றின் நைட்ரேட்டு உப்புகளை நீரில் கரைத்து இலைகளின்மேல் தெளிப்பதும், விதைகளை அதில் ஊறவைப்பதும் பரவலாயின. உப்பால் வாடும் நாற்றுகளுக்கு மிகக் குறைந்த அளவில் லாந்தனத்தையோ சீரியத்தையோ அளித்தபோது, அவை வாட்டம் குறைந்து வளர்ந்ததாக ஆய்வுக்கூடங்களிலிருந்து பல செய்திகள் வந்தன. அண்மைக் காலத்தில், சீரிய ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களை இலைக்குள் செலுத்தி, உப்பின் தாக்கத்தால் செடிக்குள் பெருகும் நச்சு ஆக்சிஜனைத் தணிக்கவும் இயன்றுள்ளது. தெளிக்கப்படும் மருந்திலுள்ள அருமண், வயலில் ஏற்கெனவே உள்ள 300 கிலோவோடு ஒப்பிட்டால் தூசியளவே. அவ்வளவு சிறியது பயிரின் வளர்ச்சியை மாற்றவல்லது எனின், அது கரைந்த நிலையில் இருப்பதே காரணம். பெட்டகத்துப் பணத்திற்கும் கைப்பணத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கும் விளங்குகிறது.

லாந்தனம் செடிக்குள் ஆற்றும் செயலுக்கு அடிப்படை, அதற்கும் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்திற்கும் உள்ள ஒற்றுமையே. இரண்டின் அயனிகளும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. கால்சியத்திற்கு இரண்டு அலகு மின்னூட்டம், லாந்தனத்திற்கோ மூன்று. ஆதலின் கால்சியம் அமரவேண்டிய இடங்களில் லாந்தனம் அமர்ந்து, அதைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சிறிதளவாயின் செல்லின் மென்தோலை அது வலுப்படுத்தலாம். அளவு கூடினாலோ, கால்சியம் சென்றுவரும் வாயில்களை அடைத்து வேரின் வளர்ச்சியையே நிறுத்திவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இதற்கு முற்றும் பொருந்தும்.

தழைச்சத்தும் மணிச்சத்தும் இன்றிப் பயிர் வாழாது. ஆயின், அருமண் தனிமங்கள் இன்றிப் பயிர் வாழாது என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. நுண்ணுயிர்களின் நிலை இதனின்று வேறுபட்டது. இத்தாலி நாட்டு எரிமலைச் சேற்றுக் குழியொன்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர், அருமண் தனிமங்கள் இன்றி வாழ இயலாது என்பது 2014-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதனிடமுள்ள நொதி ஒன்று இயங்குவதற்கு இத்தனிமம் தேவையாக இருந்தது. அதனையொத்த நொதியுடைய நுண்ணுயிர்கள் செடிகளின் இலைகளிலும் மண்ணிலும் வாழ்கின்றன. ஆதலின், வேறெதற்கும் உதவாப் பொருள் என்று இத்தனிமங்களை ஒதுக்கிவிடுதலும் தவறு; பயிருக்கு இன்றியமையாத சத்து என்று போற்றுதலும் தவறு.

உவர்நிலத்தைத் திருத்துவதற்கு உரிய வழி நெடுங்காலமாக அறியப்பட்டதே. நிலத்தடி நீர் மேலெழாதபடி வடிகால் அமைத்து, நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். ஹெதாவில் அறுவடை முடிந்தபின், மண் உறைவதற்கு முன், வயல்களில் நீரை நிரப்பி உப்பைக் கீழே அழுத்துவர். இதனை இலையுதிர்காலப் பாசனம் என்பர். களர்நிலமாயின் நீர் மட்டும் போதாது, ஜிப்சம் இடவேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம், களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் அமரும். வெளியேறிய சோடியம் நீரோடு வடிந்துபோகும். ஜியாங்சியில் சோடியம் அருமண்ணை வெளியேற்றிய அதே அயனி மாற்றம், இங்கே சோடியத்தையே வெளியேற்றி நிலத்தை வாழ்விக்கிறது. 1969-இல் நிறுவப்பட்டு அரியானாவிலுள்ள கர்னாலில் இயங்கிவரும் மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம், ஜிப்சமிட்டுக் களர்நிலம் திருத்தும் முறையை வட இந்திய உழவரிடையே பரப்பியுள்ளது.

இம்முறையிலும் அருமண் மறைந்து வருவதுண்டு. சுரங்கத்தில் வெட்டும் ஜிப்சமேயன்றி, உரத் தொழிற்சாலைகளில் பாஸ்பேட்டுப் பாறையினின்று பாஸ்பாரிக அமிலம் செய்யும்போது எஞ்சும் பாஸ்போஜிப்சமும் களர்நிலத்திற்கு இடப்படுகிறது. பாறையிலுள்ள அருமண் தனிமங்களின் பெரும்பகுதி அமிலத்தில் செல்லாமல் இவ்வெச்சத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் பாஸ்போஜிப்சத்தில் ஒரு கிலோ அருமண் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஹெக்டேருக்கு 5 டன் இடும் உழவர், தம்மையறியாமலே 5 கிலோ அருமண்ணையும் வயலில் சேர்க்கிறார். மண்ணில் முன்னரே உள்ள 300 கிலோவை நோக்க இது சிறிதே. ஆதலின் அஞ்சி ஒதுக்கவேண்டியதில்லை. ஆயினும் புதிதாக வந்த இப்பொருள், பாறை மணிக்குள் பூட்டியதைப்போல் அடங்கியிருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப இடுவதாயின், கலந்துவரும் பிற பொருள்களோடு இதனையும் அளந்தறிதல் நன்று.

இவ்வாறு அளக்கும் முறையிலேயே தெளிவு வேண்டும். மண் முழுவதையும் காட்டமான அமிலத்தில் கரைத்து, இத்தனை கிராம் உள்ளது என்று கூறினால், அது பெட்டகத்தின் எடையைக் கூறியதாகவே முடியும். மென்மையான உப்புக் கரைசல்களால் மண்ணைக் கழுவி, எவ்வளவு எளிதில் வெளிவருகிறது என்று காணவேண்டும். மண்ணின் புளிப்பும் காரமும், உப்பின் அளவும் வகையும், சுண்ணாம்பின் அளவும் அதனோடு சேர்த்தறியப்படல் வேண்டும். இவற்றை அறிந்த பின்னரே, இம்மண்ணில் அருமண்ணால் தீங்கு உண்டு அல்லது இல்லை என்று கூறுவது முறையாகும்.

உவர்நிலத்தைப் பெற்ற உழவருக்குக் குறுக்குவழிகள் பல காட்டப்படும். சில சொட்டு மருந்தைத் தெளித்தால் உப்பு நிலத்திலும் பொன் விளையும் என்று சொல்வாரும் உளர். லாந்தனம் நாற்றின் வாட்டத்தைச் சிறிது தணிக்கலாம்; வயலிலுள்ள உப்பில் ஒரு கிராமையேனும் அதனால் நீக்கமுடியாது. உப்பு வயலில் இருக்குமளவும் அடுத்த இளவேனிலில் அது மீண்டும் பூக்கும். விதை மீண்டும் வாடும். உப்பு வெளியேறுவதற்கு வழி ஒன்றே. அது வடிகால். வாய்க்கால் வெட்டுமளவு ஊக்கத்தோடு வடிகாலும் வெட்டும் ஊர்களில் நிலம் தலைமுறை தலைமுறையாக விளைகிறது. வடிகாலை மறந்த ஊர்களிலோ, ஆற்றுநீர் வந்த வழியிலேயே உப்பும் வந்து குடியேறிவிடுகிறது.